காசு கொடுத்து கேம் வாங்கியவருக்குத்தான் ஏன் இத்தனை தொல்லை?

கேள்வி: முழு விலை கொடுத்து ஒரு கேம் வாங்கினேன். நெட் போனால் திறக்கவே மறுக்கிறது. அதே கேமைக் கிராக் செய்து இறக்கிய நண்பனுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. காசு கொடுத்தவனை ஏன் இந்தக் கம்பெனிகள் இப்படிப் படுத்துகின்றன? நகலெடுப்பதைத் தடுக்கக் கேமில் வைக்கும் டிஆர்எம் என்ற இந்தப் பூட்டு உண்மையில் யாரைத் தடுக்க?

பதில்:

உங்கள் நண்பருக்குத் தொல்லை இல்லாததன் காரணம் எளிது. கிராக் செய்பவர்கள் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் கேமைப் பரப்புகிறார்கள். அதன் பிறகு பூட்டோடு கேமை வைத்திருப்பது காசு கொடுத்தவர்கள் மட்டும்தான். இது எல்லா பப்ளிஷருக்கும் தெரியும். தெரிந்தே போடுகிறார்கள் என்றால் அவர்கள் பக்கமும் ஒரு கணக்கு இருக்க வேண்டும் அல்லவா? இருக்கிறது, அது முட்டாள்தனமான கணக்கும் இல்லை. அவர்கள் பூட்டுப் போடுவதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. போட்ட வேலை முடிந்த பிறகும் அதைக் கழற்றாமல், சாவியையும் தங்களிடமே வைத்துக்கொண்டு, ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார்களே, அங்கேதான் தகராறு.

கேம்களுக்குப் பூட்டுப் போடுவது புதிதில்லை. 1980-களிலேயே, கேமோடு வந்த கையேட்டில் இத்தனையாவது பக்கத்தில் இத்தனையாவது சொல் என்ன என்று திரையில் கேட்பார்கள். அட்டையில் செய்த சக்கரத்தைச் சுழற்றிக் குறியீட்டைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஜெராக்ஸில் விழாதபடி கருஞ்சிவப்புத் தாளில் குறியீடுகளை அச்சடித்துத் தந்தவர்களும் உண்டு. எரிச்சலான ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கையேடு உங்கள் அலமாரியில் இருந்தால் இன்றைக்கும் அந்தக் கேம் திறக்கும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சிடி வந்ததும் நிலைமை மாறியது. சேஃப்டிஸ்க், செக்யூரோம், ஸ்டார்ஃபோர்ஸ் என்று பூட்டு விற்பதற்கென்றே தனி நிறுவனங்கள் முளைத்தன. டிஸ்கில் சில இடங்களைச் சாதாரண ரைட்டரால் நகலெடுக்க முடியாதபடி அமைத்திருப்பார்கள். அது அசல் டிஸ்க்தானா என்று பார்க்க, கேமை நிறுவும்போதே விண்டோஸின் அடிமட்டத்தில் ஒரு டிரைவரும் உட்கார்ந்துகொள்ளும். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல்தான். ஸ்டார்ஃபோர்ஸ் கணினியைக் கெடுக்கிறது என்று எழுந்த கூச்சலில் 2006-இல் யூபிசாஃப்ட் என்ற பெரிய கேம் நிறுவனம் அதைக் கைவிட்டது. சேஃப்டிஸ்கின் கதை இன்னும் சோகம். அதன் டிரைவர் பாதுகாப்புக்கு ஓட்டை என்று சொல்லி, 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவே இல்லை. அதே செப்டம்பரில் விஸ்டா, 7, 8 ஆகியவற்றுக்கும் ஒரு அப்டேட் அனுப்பி அங்கேயும் முடக்கியது. ஒரே அடியில் பத்துப் பதினைந்து வருடத்துக் கேம்கள் பல நின்றுபோயின. அசல் டிஸ்க் இருக்கிறது, பெட்டி இருக்கிறது, சீரியல் எண் இருக்கிறது, கேம் மட்டும் திறக்காது. மறுபடி வெளியிடப்படாத கேம் என்றால் அதை ஓட்டப் பெரும்பாலோர் கண்ட வழி, டிஸ்க் கேட்காதபடி பூட்டை உடைத்த நோ-சிடி கிராக்தான். காசு கொடுத்து வாங்கியவரைத் திருட்டுத் தளத்துக்கு வழியனுப்பி வைத்தது அந்தப் பூட்டேதான்.

இதில் சிரிப்பும் உண்டு. 2008-இல் ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2 கேமுக்கு யூபிசாஃப்ட் ஒரு பேட்ச், அதாவது ஒரு சிறிய அப்டேட், விட்டது. அந்தப் பேட்ச் டிஸ்க் எங்கே என்று கேட்டது. ஆனால் அந்தக் கேமை ஆன்லைனில் டவுன்லோட் செய்து வாங்கியவர்களிடம் டிஸ்க் ஏது? புகார்கள் குவிந்ததும் ஒரு திருத்தக் கோப்பைக் கொடுத்தார்கள். அதைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு உள்ளே ரிலோடட் என்ற கிராக் கும்பலின் பெயர் தென்பட்டது. தங்கள் பூட்டைத் தாங்களே திறக்க முடியாமல், திருடர்கள் செய்த கள்ளச்சாவியை எடுத்து வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, இன்றைய கோபத்துக்கு வருவோம். அது திரண்டு வெடித்தது அதே 2008-இல், ஸ்போர் கேமோடு. தி சிம்ஸ் செய்த வில் ரைட்டின் கேம், ஒரு செல் உயிரிலிருந்து விண்வெளிவரை போகலாம் என்று பல வருடம் ஆசை காட்டி வளர்த்த கேம். செப்டம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம், அதாவது ஈஏ, அதை வெளியிட்டபோது கூடவே செக்யூரோம் வந்தது. மூன்று முறைதான் ஆக்டிவேட் செய்யலாம். விண்டோஸை அழித்து மறுபடி போட்டால் ஒன்று போச்சு. கணினியில் முக்கியமான பாகத்தை மாற்றினால் இன்னொன்று போகலாம். மூன்றும் தீர்ந்தால் வாடிக்கையாளர் சேவையை அழைத்து நீங்கள் திருடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். கேமைக் கழற்றினாலும் அந்த எண்ணிக்கை திரும்பி வராது. அதற்கான வசதியைப் பிறகுதான் கொடுத்தார்கள்.

மக்கள் அமேசானுக்குப் போனார்கள். சில நாட்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விமர்சனங்கள் விழுந்தன, பெரும்பாலானவை ஒற்றை நட்சத்திரம். கேம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று யாரும் பேசவில்லை, பேச்செல்லாம் பூட்டைப் பற்றித்தான். அமெரிக்காவில் வழக்கும் போட்டார்கள். ஈஏ மூன்றை ஐந்தாக்கியது. இவ்வளவும் செய்து காப்பாற்றிய அந்தக் கேமின் கிராக் கடைக்கு வரும் முன்பே நெட்டுக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டு மிக அதிகம் திருடப்பட்ட கேம் ஸ்போர்தான் என்று டோரண்ட்ஃப்ரீக் தளம் கணக்கிட்டது, சுமார் 17 லட்சம் டவுன்லோட். வருடம் முடிவதற்குள் செக்யூரோம் இல்லாத ஸ்போர் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் விற்பனைக்கு வந்தது. முதல் வாரத்தில் ஓடிப்போய் வாங்கிய ரசிகருக்குப் பூட்டு, காத்திருந்து வாங்கியவருக்குப் பூட்டு இல்லை. இந்தத் தொழிலில் இது இன்றுவரை மாறவில்லை.

அடுத்து வந்தது நீங்கள் இப்போது அனுபவிக்கும் வகை, எப்போதும் நெட் வேண்டும் என்பது. 2010 மார்ச்சில் அசாசின்ஸ் கிரீட் 2-இன் பிசி பதிப்பில் யூபிசாஃப்ட் இதைக் கொண்டுவந்தது. தனியாக ஆடும் கேம், ஆனாலும் நெட் துண்டானால் ஆட்டம் நின்றுவிடும். வெளியாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்வர் மீது தாக்குதல் நடந்து, காசு கொடுத்தவர்கள் பலரால் நாள் முழுக்க உள்ளேயே போக முடியவில்லை. 2012-இல் அந்த முறையை விட்டுவிட்டதாக யூபிசாஃப்டே சொன்னது. அதற்குள் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 2012 மே மாதம் டயாப்லோ 3 வந்த இரவில் உலகம் முழுக்க எல்லோரும் பார்த்தது 'எரர் 37' என்ற செய்தியைத்தான். 2013 மார்ச்சில் ஈஏ வெளியிட்ட, நகரம் கட்டும் கேமான சிம்சிட்டி. அங்கே கதையே வேறு: நகரத்தின் கணக்குகளில் பெரும்பகுதியை எங்கள் சர்வர்தான் போடுகிறது, ஆஃப்லைன் சாத்தியமே இல்லை என்றார்கள். சில நாட்களில் ஒரு மாடர், அதாவது கேமை மாற்றியமைத்துப் பார்க்கும் ஆர்வலர், கோடில் சிறிது கைவைத்து, நெட் இல்லாமலே நகரம் ஓடுவதைக் காட்டினார். ஒரு வருடம் கழித்து அவர்களே ஆஃப்லைன் வசதியைக் கொடுத்தார்கள். ஒரு கம்பெனி 'தொழில்நுட்பக் காரணம்' என்று சொல்லும்போது நான் சற்று சந்தேகத்தோடு கேட்கத் தொடங்கியது அப்போதிருந்துதான்.

இனி அவர்கள் பக்கம்.

திருட்டு பொய்யான பயம் இல்லை. 2013-இல் கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற மிகச் சிறிய நிறுவனம் கேம் டெவ் டைகூன் என்ற கேமை வெளியிட்டது. கேம் நிறுவனம் ஒன்றை நடத்துவதுதான் ஆட்டம். வெளியிட்ட அன்றே கிராக் செய்த பதிப்பு ஒன்றையும் அவர்களே நெட்டில் விட்டார்கள். அந்தப் பதிப்பில் ஒரு குறும்பு: ஆடிக்கொண்டே போனால், நீங்கள் உருவாக்கும் கேம்களை எல்லாரும் திருடுகிறார்கள் என்று செய்தி வந்து உங்கள் நிறுவனம் திவாலாகிவிடும். முதல் நாள் முடிவில் எண்ணிப் பார்த்தால், காசு கொடுத்து ஆடியவர்கள் 214 பேர், திருட்டுப் பதிப்பில் ஆடியவர்கள் குறைந்தது 3,104 பேர். திருடி ஆடியவர்களில் சிலர், பைரசியைத் தடுக்க டிஆர்எம் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா, என் கம்பெனி நஷ்டத்தில் போகிறதே என்று உதவி கேட்டு வேறு எழுதினார்கள். இவ்வளவுக்கும் அந்தக் கேம் டிஆர்எம் இல்லாமல், குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. ஆகவே, பூட்டே போடாவிட்டால் எல்லோரும் நேர்மையாக வாங்குவார்கள் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெரிய கேம்களின் வருமானத்தில் பெரும்பங்கு முதல் சில வாரங்களில் வந்துவிடுகிறது. டெனூவோ என்ற பூட்டுப் போட்ட 86 கேம்களை எடுத்து, கிராக் எப்போது வந்தது, வருமானம் எப்படி மாறியது என்று அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் பார்த்தார். 2024-இல் வெளியான ஆய்வு. வெளியான முதல் வாரத்திலேயே கிராக் வந்தால் மொத்த வருமானத்தில் சுமார் 20 சதவீதம் அடிபடுகிறது. பிறகு வாரம் ஏற ஏற அந்த இழப்பு சுருங்குகிறது. 12 வாரத்துக்குப் பிறகு கிராக் வந்தால் இழப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். கம்பெனிகளுக்கு இது சாதகமான ஆய்வு என்று பலர் எழுதினார்கள். முதல் பாதிக்கு அது சரி. இரண்டாம் பாதியைப் படித்தால், மூன்று மாதத்துக்கு மேல் அந்தப் பூட்டை வைத்திருக்க வருமானக் காரணம் ஏதும் இல்லை என்றல்லவா ஆகிறது? கல்யாணத்துக்குத் தெருவை அடைத்துப் பந்தல் போட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கல்யாணம் முடிந்து வருடக்கணக்காகியும் பிரிக்காமல் வைத்திருந்தால் வருவார்கள்.

சிலர் பிரிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2016 மே மாதம் வந்த டூம் கேமிலிருந்து அந்த டிசம்பரிலேயே டெனூவோவை எடுத்துவிட்டார்கள். இப்போது பலரும் ஓராண்டு வாக்கில் எடுக்கிறார்கள். வாடிக்கையாளர் மேல் உள்ள பாசம் என்று நினைக்காதீர்கள். தொடர்ந்து வைத்திருந்தால் தொடர்ந்து கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

டெனூவோ ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரத்து நிறுவனம். பழைய செக்யூரோம் குழுவின் வாரிசு என்றே சொல்லலாம். 2014-இல் ஃபிஃபா 15-இல் தொடங்கியது. இதைத் திறக்க ஆரம்பத்தில் மாதக்கணக்கில் ஆனது, அதனால்தான் பப்ளிஷர்கள் விழுந்து விழுந்து வாங்கினார்கள். இது கேமை மெதுவாக்குகிறதா என்ற சண்டைக்கு முடிவே இல்லை. கேமுக்குக் கேம் வேறுபடும், போட்டவரின் கைத்திறனைப் பொறுத்தது என்பதுதான் என் கருத்து. கைத்திறன் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் உதாரணம். டெனூவோவுக்கு மேல், அதைத் தயாரித்த கேப்காம் தன் சொந்தப் பூட்டு ஒன்றையும் போட்டிருந்தது. எதிரியைச் சுடும்போதெல்லாம் படம் திக்கித் திக்கி நின்றது. கிராக் பதிப்பு வந்தபோது அதில் அந்தத் திக்கல் இல்லை. கேம்கள் எப்படி ஓடுகின்றன என்று அளந்து பார்க்கும் டிஜிட்டல் ஃபவுண்ட்ரி குழுவினர் இரண்டையும் அருகருகே ஓட்டி அளந்து உறுதி செய்தார்கள். அப்புறம்தான் ஒரு பேட்ச் வந்தது. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது: காசு கொடுத்தவருக்குக் கிடைத்தது மட்டமான சரக்கு.

அதே ஆண்டு நவம்பரில் இன்னும் இரண்டு கூத்து. இன்டெலின் 12-ஆம் தலைமுறைச் சிப்பில் கணக்குப் போடும் கோர்களில் பெரியது, சிறியது என்று இரண்டு வகை இருந்தன. சில கேம்களின் பூட்டு சிறிய கோரைப் பார்த்ததும் இது வேறொரு கணினி என்று நினைத்துக் கதவைச் சாத்தியது. 50-க்கும் மேற்பட்ட கேம்களின் பட்டியலை இன்டெலே வெளியிட்டது. ஸ்க்ரோல் லாக் பட்டனை அழுத்திச் சிறிய கோர்களை ஒதுக்கிவைக்கும் தற்காலிக வழியும் இருந்தது. அந்தப் பட்டனுக்குப் பல வருடம் கழித்து ஒரு வேலை கிடைத்தது. அதே வாக்கில் டெனூவோ பயன்படுத்திய ஒரு இணைய முகவரி காலாவதியாகி, புதுப்பிக்க விட்டுப்போனதால் பல கேம்கள் சில மணி நேரம் திறக்கவில்லை. இரண்டிலும் கிராக் ஆசாமிகளுக்கு எந்தச் சேதமும் இல்லை.

இத்தனைக்கும் நடுவே ஸ்டீமை மட்டும் ஏன் எல்லோரும் ஏற்றுக்கொண்டோம்? அதுவும் ஒரு பூட்டுதானே? ஆமாம். 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 பெட்டியைக் கடையில் வாங்கி வீட்டுக்கு வந்தவர்கள், ஸ்டீம் அக்கவுண்ட் இல்லாமல் ஆட முடியாது என்று தெரிந்தபோது திட்டாத திட்டில்லை. பிறகு ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் மெல்ல மெல்ல அந்தப் பூட்டைச் சுற்றி வசதிகளைக் கட்டியது: தானாக அப்டேட், எந்தக் கணினியிலும் மறுபடி டவுன்லோட், சேமித்த ஆட்டம் நெட்டில், தள்ளுபடி. திருட்டு என்பது பெரும்பாலும் விலைப் பிரச்சினை இல்லை, சேவைப் பிரச்சினை என்று வால்வின் தலைவர் கேப் நியூவெல் 2011-இல் சொன்னது பிரபலம். அதில் பெரும்பங்கு உண்மை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தச் சேவைகளில் சில தானாக வந்தவை இல்லை. ரீஃபண்ட் விஷயத்தில் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2014-இல் வால்வ் மீது வழக்குப் போட்டது. 14 நாள், 2 மணி நேரம் என்ற ரீஃபண்ட் விதியை வால்வ் அறிவித்தது 2015 ஜூனில். வழக்கில் தோற்று 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் விழுந்தது.

விலையும் சேவையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் போலந்துதான் நல்ல பாடம். வார்சாவின் சந்தைகளில் திருட்டு சிடி மலிவாகக் குவிந்திருந்த காலத்தில், சிடி ப்ராஜெக்ட் என்ற சிறிய நிறுவனம் பால்டர்ஸ் கேட் கேமைப் போலிஷ் மொழியில், நல்ல பெட்டியில், வரைபடம் போன்ற கூடுதல் பொருட்களோடு விற்று ஜெயித்தது. அதே நிறுவனம் 2008-இல் டிஆர்எம் இல்லாத கேம் மட்டும் விற்கும் ஜிஓஜி கடையைத் திறந்தது. 2011-இல் அவர்களுடைய சொந்தக் கேமான விட்சர் 2 வந்தபோது கடைப் பெட்டியில் செக்யூரோம், ஜிஓஜியில் எதுவும் இல்லை. முதலில் திருட்டுக்குப் போவது பூட்டில்லாத பதிப்பாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நெட்டில் முதலில் பரவியது பூட்டுப் போட்ட பதிப்பு. கிராக் செய்பவர்களுக்குப் பூட்டை உடைப்பதில்தானே பெருமை. சில நாட்களில் ஒரு பேட்ச் விட்டு அந்தப் பூட்டையும் எடுத்துவிட்டார்கள். அவர்களும் உத்தமர்கள் இல்லை. அதே ஆண்டு ஜெர்மனியில் சந்தேகத்தின் பேரில் ஆட்களுக்கு வக்கீல் கடிதம் அனுப்பி, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தினார்கள்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயம். ஸ்டீமில் நீங்கள் வாங்குவது கேமை இல்லை, கேமை ஆடும் உரிமத்தை. இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் போட்டது. அடுத்த மாதமே ஸ்டீமின் பணம் கட்டும் பக்கத்தில் அந்த அறிவிப்பு வந்துவிட்டது. டவுன்லோட் செய்த கேமை மறுபடி விற்கலாமா என்று பிரான்சில் ஒரு நுகர்வோர் சங்கம் வழக்குப் போட்டு, 2019-இல் பாரிஸ் நீதிமன்றத்தில் ஜெயித்தது. 2022-இல் மேல்முறையீட்டில் தோற்றது. உயில் எழுதி வைத்தாலும் ஸ்டீம் அக்கவுண்ட் உங்கள் பிள்ளைக்குப் போகாது. டிஸ்க் காலத்தில் நண்பனிடம் கொடுத்தோம், பாதி விலைக்கு விற்றோம், தம்பிக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போனோம். அதெல்லாம் சத்தமில்லாமல் போய்விட்டது. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நெட்டில் தலைகாட்ட வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னபோது உலகமே எழுந்து கத்தி அதைத் திரும்பப் பெற வைத்தது. பிசியில் அதே மாதிரியான விஷயங்கள் தவணை முறையில் வந்ததால் யாரும் கத்தவில்லை.

உரிமம் என்றால் நடைமுறையில் என்ன பொருள் என்பதை 2024-இல் யூபிசாஃப்ட் காட்டியது. தி க்ரூ என்ற கார் கேம், 2014 டிசம்பரில் வந்தது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ்வரை ஓட்டிக்கொண்டே போகலாம். தனியாகவே ஆடக்கூடிய கதை இருந்தது, ஆனால் சர்வர் இல்லாமல் எதுவும் நகராது. கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஆடியதாக யூபிசாஃப்டே சொல்லியிருந்தது. 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள், 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அதுவரைகூடப் புரிந்துகொள்ளலாம், பத்து வருடத்துக் கேம். அதன் பிறகு வாங்கியவர்களின் அக்கவுண்டிலிருந்து உரிமத்தையும் எடுத்தார்கள். ரசிகர்கள் தாங்களே ஒரு சர்வரைச் செய்து உயிர்ப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், கேமையே திறக்கவோ மறுபடி டவுன்லோட் செய்யவோ வழியில்லை. திருட்டைத் தடுக்கிறோம் என்ற சாக்குகூட இங்கே செல்லாது. விற்பனையையே நிறுத்திய கேமில் யார் எதைத் திருடி யாருக்கு நஷ்டம்?

இதிலிருந்துதான் ரோஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சம் கையெழுத்து சேர்ந்தால் ஒரு கோரிக்கையை ஆணையம் பரிசீலித்துப் பதில் சொல்ல வேண்டும். ஒரு வருடம் நொண்டிக்கொண்டிருந்த அந்த எண்ணிக்கை, 2025 ஜூலைத் தொடக்கத்தில் பத்து லட்சத்தைத் தாண்டியது. அவர்கள் கேட்பதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சர்வரைக் காலமெல்லாம் நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை. கடையைச் சாத்தும் நாளில், வாங்கியவர் எப்படியாவது ஆடக்கூடிய நிலையில் கேமை விட்டுவிட்டுப் போ என்கிறார்கள், அவ்வளவுதான். தனியார் சர்வர் வந்தால் பாதுகாப்புப் பொறுப்பு யாருக்கு, ஆன்லைனுக்கென்றே கட்டிய கேமை மாற்ற எவ்வளவு செலவாகும் என்று கம்பெனிகளின் சங்கம் பதில் சொன்னது. ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் ஆடும் கேம்களுக்கு அந்தக் கவலை நியாயம். தனியாக ஆடும் கதை உள்ள கார் கேமுக்கு நியாயம் இல்லை. தி க்ரூ 2-க்கு ஆஃப்லைன் வசதி தருகிறோம் என்று யூபிசாஃப்டே 2024 செப்டம்பரில் அறிவித்தது. ஆக, மனம் வைத்தால் முடிகிறது.

கேம் என்ன பெரிய கலைப்பொருளா, போனால் போகட்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. அவை டிஸ்கிலும் கார்ட்ரிட்ஜிலும் வந்தவை என்பதால் எங்காவது ஒரு பிரதி கிடைக்கிறது. சர்வரை நம்பி வந்தவற்றுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இலங்கையிலிருந்து படிப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. ஹெல்டைவர்ஸ் 2 கேமை ஸ்டீமில் வாங்கி ஆடிக்கொண்டிருந்தவர்களிடம், இனி பிளேஸ்டேஷன் அக்கவுண்ட் கட்டாயம் என்று 2024 மே மாதம் சோனி அறிவித்தது. இலங்கை உட்பட 170-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் அந்த அக்கவுண்டே முறைப்படி கிடையாது. ஸ்டீமில் இரண்டு லட்சத்துக்கும் மேல் எதிர்மறை விமர்சனம் குவிந்து, மூன்று நாளில் சோனி பின்வாங்கியது. ஆனால் அந்த நாடுகளில் விற்பனை நிறுத்தப்பட்டது. திருட்டைத் தடுக்கவோ ஆட்டத்துக்கோ அந்த அக்கவுண்ட் தேவையே இல்லை என்பது, அது இல்லாமலே கேம் ஓடிக்கொண்டிருந்ததிலிருந்து எல்லோருக்கும் தெரியும்.

இனி நீங்கள் என்ன செய்யலாம். கிராக்கை நான் சொல்லப்போவதில்லை. சட்டம் ஒருபுறம், அந்தக் கோப்புகளோடு உங்கள் வங்கிக் கணக்கைத் தேடி வரும் சங்கதிகள் மறுபுறம். ஸ்டீமில் வாங்கும் முன் கேம் பக்கத்தின் வலதுபுறத்தைப் பாருங்கள்: வேறு நிறுவனத்தின் டிஆர்எம், தனி அக்கவுண்ட் வேண்டும் என்றெல்லாம் அங்கே சிறிய எழுத்தில் இருக்கும். பிசிகேமிங்விக்கி தளத்தில் எந்தக் கடையின் பதிப்பில் எந்தப் பூட்டு என்று கேம் வாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அதே கேம் ஜிஓஜியில் இருந்தால் அங்கே வாங்கி, நிறுவும் கோப்பை ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு வையுங்கள். டெனூவோ உள்ள கேம் என்றால் ஒரு வருடம் பொறுங்கள். விலையும் இறங்கியிருக்கும், பூட்டும் பெரும்பாலும் போயிருக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், இன்னும் 14 நாள் ஆகவில்லை, ஆடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் இன்றே வைஃபையை அணைத்துவிட்டு, ஸ்டீமை ஆஃப்லைனில் வைத்துக் கேமைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் ரீஃபண்ட் கேளுங்கள், காரணம் கேட்கும் இடத்தில் இதையே எழுதுங்கள்.